விளக்கெண்ணெயும் பிரேக் பெடலும்

பழைய வண்டி ஓட்டினவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும். பிரேக்கை மிதிக்கிறோம். பெடல் கல்லு மாதிரி நிக்காம, இலவம்பஞ்சு மெத்தையில கால் வெச்ச மாதிரி மெத்து மெத்துன்னு உள்ளே போகுது. வண்டி நிக்குது, ஆனா நாம நினைச்ச இடத்தைத் தாண்டி நிக்குது. அடுத்த தடவை ரெண்டு மிதி சேர்த்து மிதிக்கிறோம். இப்ப நல்லா பிடிக்குது. "வண்டிக்கு வயசாச்சு, இப்படித்தான் இருக்கும்"னு நமக்கு நாமே சொல்லிக்கிட்டு அதுக்கும் பழகிடறோம்.

இந்தப் பழகிக்கிறதுதான் வில்லங்கமே. அது ஏன்னு புரியணும்னா பிரேக்கோட வரலாறு கொஞ்சம் தெரியணும். (வரலாறுன்னதும் ஓடிடாதீங்க மக்களே, அசோகர் மரம் நட்ட கதையெல்லாம் இல்லை :-) )

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்குவோம். 1947ல் இருந்து 1955 ஆரம்பம் வரைக்கும் அமெரிக்காவுல வந்த செவர்லே 3100. அரை டன் பிக்கப். உருண்டை மூக்கு, தவளைக் கண்ணு மாதிரி ஹெட்லைட். பழைய ஹாலிவுட் படங்கள்ல விவசாயி ஓட்டிக்கிட்டு வருவாரே, அந்த ஜாதி. அமெரிக்காவுல இன்னிக்கும் இதைத் தேடி வாங்கி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு ஓட்டுறவங்க நிறைய. இந்த வண்டியை நான் எடுத்ததுக்குக் காரணம், பிரேக் வரலாற்றுல இது சரியா நட்டநடுவுல நிக்குது. கம்பி பிரேக் காலம் முடிஞ்சாச்சு. ரெண்டு லைன் பிரேக் காலம் இன்னும் வரலை. அந்த இடைப்பட்ட காலத்து வண்டிக்குத்தான் மெத்து பெடல் ஒரு தனி வியாதி.

கம்பி காலம்

ஆரம்பத்துல கார்களுக்கு பிரேக்ங்கறது பின்னாடி வந்த யோசனை மாதிரிதான் இருந்தது. ஓட வைக்கிறதுலதான் எல்லாருக்கும் குறி. 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில கால் பிரேக் சக்கரத்துக்கே போகாது, கியர் பெட்டிக்குள்ள இருக்கிற ஒரு பட்டையை இறுக்கும். பின் சக்கரத்துக்குக் கை பிரேக். முன் சக்கரத்துக்கு ஒண்ணுமே கிடையாது.

வேகம் கூடக் கூட நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேணும்னு ஆச்சு. பெடல்ல இருந்து கம்பியும் கேபிளுமா இழுத்து நாலு சக்கரத்துக்கும் கொண்டு போனாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முன் சக்கரம் திரும்பும், மேலும் கீழும் குதிக்கும். கம்பி அதோட சேர்ந்து ஆடணும். நாலு கம்பியும் ஒரே அளவு இழுக்கணும். ஒண்ணு கொஞ்சம் டைட்டா இருந்தா வண்டி அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போய் பள்ளத்துல விடும். மூட்டுக்கு மூட்டு தேய்மானம், துரு, மண்ணு. வாராவாரம் அட்ஜஸ்ட் பண்ற வேலைதான்.

ஆனா ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். கம்பி பிரேக்குல ஒரு கம்பி அறுந்தா மிச்சம் மூணு இருக்கும். பெடல் மெத்துன்னு போற வியாதியும் அதுல கிட்டத்தட்ட கிடையாது. இரும்பு அமுங்காது இல்லையா!

மரமண்டையும் மால்கம் அண்ணாச்சியும்

கம்பிக்குப் பதிலா திரவம்னு யோசிச்சவங்க சிலர் உண்டு. அதைக் கடையில விக்கிற அளவுக்குக் கொண்டு வந்தவர் மால்கம் லாக்ஹீட். பேரைக் கேட்டதும் விமானம் ஞாபகம் வருதா? சரிதான், அதே குடும்பம்தான். மால்கமும் அவர் தம்பி ஆலனும் சேர்ந்து செஞ்ச மிதவை விமானம் 1913ல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா மேல பறந்தது.

அவங்க குடும்பப் பேரோட ஆங்கில எழுத்து வேற மாதிரி இருக்கும். பாக்கறவங்க அதை "லாக்-ஹெட்"னு படிச்சுத் தொலைப்பாங்க. தமிழ்ல சொன்னா மரமண்டை! இந்தத் தொல்லை தாங்காமத்தான் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி எழுத்தையே மாத்தினாங்க.

மால்கம் 1917ல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். 1919ல் விமானத் தொழிலை விட்டுட்டு டெட்ராய்ட் போய் பிரேக் கம்பெனி ஆரம்பிச்சார். 1921ல் டியூசன்பர்க் மாடல் ஏ. நாலு சக்கரத்துக்கும் திரவ பிரேக்கோட விற்பனைக்கு வந்த முதல் கார் இதுதான். அதே 1921ல் பிரான்ஸ்ல லெ மான்ல நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்துல, திரவ பிரேக் வெச்ச டியூசன்பர்க்கை ஓட்டின ஜிம்மி மர்ஃபி ஜெயிச்சார். வேகமா ஓடறவன் ஜெயிப்பான்னு நினைப்போம். வளைவு வரைக்கும் வேகமா வந்து கடைசி நேரத்துல நிறுத்தத் தெரிஞ்சவனும் ஜெயிப்பான்.

டியூசன்பர்க் பணக்காரங்க வண்டி. நடுத்தர ஆளுங்க கைக்கு திரவ பிரேக் வந்தது 1924ல் வால்டர் கிரைஸ்லர் பேர்ல வந்த முதல் கார்ல. அதுக்கு முன்னாடி ஒரு பெரிய சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. மால்கமோட பிரேக்குல பிஸ்டனுக்குத் தோல் வாசர் போட்டிருந்தார். அது ஒழுகும். கிரைஸ்லரோட இன்ஜினியருங்க அதைத் தூக்கிட்டு ரப்பர்ல கிண்ணம் மாதிரி வாசர் செஞ்சாங்க. அழுத்தம் கூடக் கூட கிண்ணத்தோட விளிம்பு சிலிண்டர் சுவர்ல இன்னும் நல்லா ஒட்டிக்கும். ஒழுகறது நின்னுச்சு.

இந்த ரப்பர் கிண்ணத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வேலைக்கு ஆகும்.

விளக்கெண்ணெய்

சரி, குழாய்க்குள்ள என்ன திரவம்?

தண்ணி ஊத்தினா துரு பிடிக்கும், குளிர்ல உறையும். இன்ஜின் ஆயில் ஊத்தினா? அந்தக் காலத்து இயற்கை ரப்பரை மண்ணெண்ணெய், டீசல், இன்ஜின் ஆயில் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் எதுவும் பட்டா ஊறி உப்பிடும். கிண்ண வாசர் உப்பி சிலிண்டருக்குள்ள மாட்டிக்கும். ரப்பரைத் தொந்தரவு பண்ணாத எண்ணெயா தேடினப்ப கிடைச்சது... நம்ம ஆமணக்கு எண்ணெய்! அதாங்க, விளக்கெண்ணெய். வழவழப்பும் இருக்கு, ரப்பருக்கும் தோஷமில்லை. ஆனா ரொம்ப கெட்டி. அதனால ஆல்கஹால் கலந்து இளக்கினாங்க. பல வருஷம் உலகத்து பிரேக் எல்லாம் இந்த விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையிலதான் ஓடுச்சு. நம்ம ஊர்ல யாரையாவது "சரியான விளக்கெண்ணெய்"னு திட்டும்போது இதை நினைச்சுக்குங்க, அது ஒரு காலத்துல எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கு!

ஆனா ஆல்கஹால் சீக்கிரம் கொதிக்கும். மலை இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி, சூடு சிலிண்டருக்கு ஏறி, திரவம் ஆவியாகும். அதனால பின்னாடி கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. இன்னிக்கு டப்பாவுல டாட் 3, டாட் 4னு போட்டிருக்கே, அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தரம். டாட் 3 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. டாட் 4க்கு 230. ஆனா இந்தத் திரவம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். ஈரம் ஏறினதுக்கு அப்புறம் டாட் 3க்கு அந்தக் கணக்கு 140, டாட் 4க்கு 155. வருஷக்கணக்கா மாத்தாத திரவம் இதை விடவும் கீழே போகும்.

ஃபோர்டு பிடிவாதமும் ஹட்சன் யோசனையும்

கிரைஸ்லர் 1924லேயே கொண்டு வந்தாச்சு. மத்தவங்க உடனே மாறிட்டாங்களான்னா இல்லை. செவர்லே 1936ல்தான் மாறுச்சு. ஹென்றி ஃபோர்டு 1939 மாடல் வரைக்கும் கம்பியைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தார். பெடல்ல இருந்து சக்கரம் வரைக்கும் எஃகுதான் பாதுகாப்புன்னு விளம்பரமே பண்ணினாங்க. இப்பப் பாத்தா சிரிப்பா இருக்கும். ஆனா அந்தப் பயத்துல நியாயம் இல்லாம இல்லை. ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே திரவம், நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர். எங்கயாவது ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா நாலு சக்கரமும் ஒரே நேரத்துல அம்போ. கம்பியில ஒண்ணு போனா மூணு இருந்தது. இதுல ஒண்ணு போனா எல்லாம் போச்சு.

இந்தக் கேள்விக்கு 1936லேயே ஒரு கம்பெனி பதில் சொல்லுச்சு. ஹட்சன். அவங்க திரவ பிரேக்கும் வெச்சாங்க, கூடவே பின் சக்கரத்துக்குக் கேபிளையும் அதே பெடல்ல கட்டினாங்க. திரவம் போய் பெடல் அளவுக்கு மீறி கீழே இறங்கினா, அது தானா கேபிளை இழுத்துப் பின் பிரேக்கைப் பிடிக்கும். டிரைவர் எதுவும் யோசிக்க வேண்டாம், அதே கால், அதே மிதி. இவ்வளவு எளிமையான யோசனையை மத்தவங்க யாரும் பெருசா எடுத்துக்கலை.

ரயில்ல பாத்தீங்கன்னா இந்தப் பிரச்சினைக்கு எப்பவோ விடை கிடைச்சாச்சு. வெஸ்டிங்ஹவுஸ் 1872ல் செஞ்ச தானியங்கிக் காற்று பிரேக்குல, குழாய்ல காத்து போச்சுன்னா பிரேக் பிடிச்சுக்கும். பெட்டி கழண்டு போனாலும் அதுவா நிக்கும். ரயில்ல அபாயச் சங்கிலியை இழுத்தா வண்டி நிக்கறதும் இந்த அடிப்படையிலதான். பழுதானா நிக்கணும்ங்கறது ரயில் நியாயம். பழுதானா ஓடிக்கிட்டே இருக்கும்ங்கறது அன்னிக்குக் காரோட நிலைமை. அந்த நிலைமையில ஒரே ஒரு எச்சரிக்கைதான் டிரைவருக்கு உண்டு: பெடல். அது காலுக்கடியில எப்படி இருக்குங்கறது மட்டும்தான்.

ரெண்டு சொட்டு காத்து

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாம் கிளாஸ் பாஸ்கல் விதிதான்.

கால்ல 25 கிலோ அழுத்தம் கொடுக்கிறோம்னு வெச்சுக்குவோம். பெடல் ஒரு நெம்புகோல், 6 மடங்கு பெருக்குது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன்ல 150 கிலோ. பிஸ்டன் விட்டம் ஒரு இஞ்ச்னா பரப்பு 5 சதுர செ.மீ. ஆக திரவத்துல ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம். அது குழாய் முழுக்க, நாலு சக்கரத்துக்கும் சமமாப் போகும். கம்பியில வாராவாரம் அட்ஜஸ்ட் பண்ணியும் கிடைக்காத சமநிலை இதுல சும்மாவே கிடைக்குது. திரவ பிரேக் ஜெயிச்சது இதனாலதான்.

இப்ப குழாய்க்குள்ள 2 சி.சி. காத்து இருக்குன்னு வெச்சுக்குங்க. அரை டீஸ்பூன் கூட கிடையாது. 30 கிலோ அழுத்தத்துல அந்தக் காத்து கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம சுருங்கிடும். அது சுருங்கின இடத்தை நிரப்ப பிஸ்டன் கூடுதலா 4 மி.மீ. கிட்ட நகரணும். பெடல்ல அது 6 மடங்கு, அதாவது 2.3 செ.மீ. அரை டீஸ்பூன் காத்து கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் பெடலைத் திருடிடுது! பெடல் தரையைத் தொடறதுக்கு முன்னாடி நமக்கு இருக்கிறதே சில இஞ்ச்தான்.

மெத்துன்னு காலுக்குப் படறது வேற ஒண்ணுமில்லை, இந்தக் காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியறதுதான்.

தரைக்கடியில ஒரு சிலிண்டர்

நம்ம செவர்லே 3100க்கு வருவோம். இந்த வண்டியில மாஸ்டர் சிலிண்டர் பானட்டுக்குள்ள இருக்காது. டிரைவர் காலுக்குக் கீழே, தரைப் பலகைக்கு அடியில, சட்டத்துல போல்ட் போட்டு மாட்டியிருக்கும். திரவம் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னா தரை விரிப்பைத் தூக்கி, அங்க இருக்கிற சின்ன மூடியைக் கழட்டி, டார்ச் அடிச்சு எட்டிப் பாக்கணும். யார் பாப்பாங்க? திறக்கும்போது மண்ணு வேற உள்ள விழும். மழைத்தண்ணி, சேறு எல்லாம் அங்கதான் தெறிக்கும். மெத்து பெடல் இந்த வண்டிகளுக்கு அடிக்கடி வர இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சங்கதி. சிலிண்டர் கீழே இருக்கறதால திரவம் சக்கரத்துல இருந்து பின்னோக்கி இறங்கப் பாக்கும். அதோட, பெடலைச் சட்டுனு விட்டா குழாய்க்குள்ள ஒரு உறிஞ்சல் உண்டாகும். அப்ப சக்கர சிலிண்டர்ல இருக்கிற ரப்பர் கிண்ணத்தோட விளிம்பு தளர்ந்து, வெளிக்காத்து உள்ள வந்துடும். (ரப்பர் கிண்ணத்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே!) இதைத் தடுக்க மாஸ்டர் சிலிண்டரோட வாயில ஒரு குட்டி வால்வு வெச்சாங்க. பெடலை விட்டாலும் குழாய்ல ஒரு சதுர செ.மீ.க்கு முக்கால் கிலோ அளவுக்குக் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்படி பாத்துக்கறது இதோட வேலை. ஷூவோட ஸ்பிரிங்கை எதிர்த்துப் பிரேக்கைப் பிடிக்க அது பத்தாது, ஆனா கிண்ணத்தோட விளிம்பை சுவரோட ஒட்டி வெக்கப் போதும்.

சிலிண்டரைக் கழட்டி புது கிட் போடும்போது இந்தக் குட்டி வால்வைத் தொலைக்கிறவங்க உண்டு. எல்லாம் புதுசு, ஆனா பெடல் முதல் மிதியில இறங்குது, ரெண்டாவது மிதியில ஏறுதுன்னு மண்டையைப் பிச்சுக்குவாங்க.

காலைக் கேளுங்க

மெத்து பெடல்னு பொதுவா சொன்னாலும் அதுல பல ரகம் இருக்கு. வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி பெடலைப் பிடிச்சுப் பாத்தா பாதி விஷயம் தெரிஞ்சிடும். வண்டியை நிறுத்தி வெச்சே பாக்கலாம்.

முதல்ல, பெடலை நல்லா அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க. மெதுவா, லிஃப்ட் இறங்கற மாதிரி கீழே போகுதா? திரவம் எங்கயோ தப்பிக்குது. நாலு சக்கரத்தோட உள்பக்கமும் ஈரமா இருக்கான்னு பாருங்க, குழாய் மூட்டுகளைத் தடவிப் பாருங்க. எங்கயும் ஈரம் இல்ல, டேங்க்லயும் அளவு குறையலைன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தேஞ்சு திரவம் முன்னாடி போகாம பின்னாடி நழுவுதுன்னு அர்த்தம். இந்த வியாதி இருந்தா வண்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது.

ரெண்டாவது, ரெண்டு மூணு தடவை பம்ப் அடிங்க. பெடல் மேல ஏறி, கல்லு மாதிரி கெட்டியா நிக்குதா? அப்ப காத்து இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடிப்போச்சு. லைனிங் தேயத் தேய இந்த வண்டிகள்ல நாமதான் அட்ஜஸ்ட் பண்ணணும், தானா பண்ணிக்காது. முதல்ல அதைச் செய்யுங்க. அதுக்கப்புறமும் அப்படியே இருந்தா மேல சொன்ன குட்டி வால்வைச் சந்தேகப்படுங்க.

மூணாவது, பம்ப் அடிச்சா மேல ஏறுது, ஆனா ஏறின இடத்துலயும் ஸ்பிரிங் மாதிரி மெத்து மெத்துங்குது. இதுதான் அக்மார்க் காத்து. ஏர் எடுக்கணும். வழக்கமா மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரத்துல இருக்கிற சக்கரத்துல ஆரம்பிப்பாங்க. அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம்ங்கறதால வலது பின் சக்கரம் முதல்ல. நிப்பிள்ல டியூப் மாட்டி, டியூப் முனையைத் திரவம் இருக்கிற பாட்டில்ல முக்கி, ஒருத்தர் மெதுவா மிதிக்க, இன்னொருத்தர் நிப்பிளைத் திறந்து மூடணும். கால் மேல வர்றதுக்கு முன்னாடி நிப்பிள் மூடியிருக்கணும், இல்லேன்னா எடுத்த காத்தை விட அதிகமா உள்ள இழுத்துக்கும். அவசரமா குத்திக் குத்தி மிதிச்சா காத்து நுரையாகித் திரவத்தோட கலந்துடும், அப்புறம் லேசுல வெளிய வராது.

நாலாவது, எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் ஸ்பிரிங் போகலை. இங்கதான் பல பேர் தோத்துப் போறாங்க. ஏன்னா இது காத்தே இல்லை. ரப்பர் ஹோஸ் வயசாகி, மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்பலாம். ஒருத்தரை மிதிக்கச் சொல்லிட்டு ஹோஸைக் கையில பிடிச்சுப் பாத்தா தெரியும். இல்லேன்னா டிரம். அறுபது எழுபது வருஷத்து வண்டியில டிரம்மை லேத்துல எத்தனை தடவை கடைஞ்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? கடையக் கடைய உள்விட்டம் பெருசாகும். அதுக்குள்ள புது ஷூ போட்டா வளைவு பொருந்தாது, ஷூவோட நடுப்பகுதி மட்டும் டிரம்மைத் தொடும், அழுத்தும்போது ஷூ வில்லு மாதிரி வளையும். அந்த வளைவுதான் காலுக்கு மெத்துன்னு தெரியும். அந்தக் காலத்துப் பட்டறைகள்ல புது லைனிங்கை அந்தந்த டிரம்மோட வளைவுக்கு ஏத்த மாதிரி சாணை பிடிச்சுக் கொடுக்க தனி மெஷினே இருந்தது. லைனிங் தூள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால அந்தப் பழக்கம் குறைஞ்சு போச்சு. வியாதி மட்டும் இருக்கு. (பழைய டிரம்மைத் திறக்கறவங்க ஊதித் துடைக்காதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.)

அஞ்சாவதுதான் ரொம்பக் கெட்டது. சாதாரணமா பெடல் அருமையா இருக்கு. நீளமான இறக்கத்துல மட்டும் திடீர்னு தரை வரைக்கும் போகுது. இதுதான் ஈரம் ஏறின திரவம் கொதிக்கிறது. நீராவியும் காத்து மாதிரியே அமுங்கும். கொடுமை என்னன்னா, வண்டி நின்னு சூடு ஆறினதும் ஆவி திரும்பத் திரவமாகிடும். மெக்கானிக் வந்து மிதிச்சுப் பாத்தா பெடல் கல்லு மாதிரி! "ஒண்ணும் இல்லையே சார்"ம்பார். பழைய திரவத்தை முழுசா மாத்தறதைத் தவிர இதுக்கு வேற வைத்தியம் இல்லை. இறக்கத்துல சின்ன கியர்ல வாங்கன்னு மலைப்பாதையில எழுதிப் போடறது சும்மா இல்லை.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு உண்டு: பெடல் கெட்டியா நிக்குது, ஆனா வண்டி நிக்கலை. அது லைனிங் சூடேறிப் பிடிப்பு போனது. திரவத்துல தப்பில்லை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

சிலிகான் திரவம், அதாவது டாட் 5, பத்தியும் ஒரு வார்த்தை. ஈரம் உறிஞ்சாது, பெயின்ட்டை அரிக்காது. நிறுத்தி வெச்சே இருக்கிற வண்டிகளுக்கு நல்லதுன்னு 1980கள்ல அமெரிக்க ராணுவமே அதுக்கு மாறுச்சு. பழைய வண்டி பிரியர்களுக்கும் அது பிடிக்கும். ஆனா பொடிப் பொடி காத்துக் குமிழை அது விடாம பிடிச்சு வெச்சுக்கும், பெடல் கொஞ்சம் மெத்துன்னுதான் இருக்கும். கிளைக்கால் திரவத்தோட கலக்கவே கூடாது.

ரெண்டு லைன் வந்த கதை

1936ல் ஹட்சன் சொன்ன பதிலை மத்தவங்க வேற ரூபத்துல ஏத்துக்க 26 வருஷம் ஆச்சு. 1962 மாடல்ல காடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸோட ராம்ப்ளரும் ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டரோட வந்தன. முன் சக்கரத்துக்கு ஒரு அறை, பின் சக்கரத்துக்கு ஒரு அறை. ஒண்ணு ஓட்டையானாலும் இன்னொண்ணு நிறுத்தும். 1966ல் அமெரிக்காவுல வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1967 மாடல்கள்ல எல்லாரும் மாறினாங்க. 1968 ஜனவரி முதல் தேதியில இருந்து புது கார்களுக்கு அது கட்டாயம்.

1924க்கும் 1968க்கும் நடுவுல 44 வருஷம். அத்தனை வருஷமும் கோடிக்கணக்கான வண்டிங்க ஒத்தைக் குழாயை நம்பித்தான் ஓடுச்சு. டெக்னிக் தெரியாம இல்லை. ரயில்ல இருந்தது, ஹட்சன்ல இருந்தது. பெரும்பாலும் பிடிக்குதே, இது போதாதான்னு இருந்துட்டாங்க. கம்பெனிங்க அப்படி இருந்ததும், நாம பம்ப் அடிச்சுப் பழகிக்கிறதும் ஒரே மனசுதான்னு எனக்குத் தோணுது. ரெண்டாவது மிதியில பிடிக்குதேன்னு நிம்மதியாகறோம். முதல் மிதியில வண்டி நமக்கு ஒரு சேதி சொல்லுது, அதைக் காதுலயே வாங்கறதில்லை. ஒத்தைக் குழாய் வண்டியில அந்த முதல் மிதிதான் கடிதம், தந்தி, டெலிபோன் எல்லாமே. ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்கும்னு யார் சொன்னா? முன்னாடி ஓடி வர்ற குழந்தை சொல்லாது.

இப்ப 3100 மாதிரி வண்டி வெச்சிருக்கிறவங்க நடுவுல ஒரு சண்டை ஓயாம நடக்கும். அசல் ஒத்தை சிலிண்டரையே வெச்சுக்கறதா, தரைக்கடியில பொருந்தற மாதிரி ரெண்டு அறை சிலிண்டர் மாட்டறதா? அசலை மாத்தினா பழமை கெட்டுடும்னு ஒரு கட்சி. என் ஓட்டு ரெண்டு அறைக்குத்தான். அருங்காட்சியகத்துல நிக்கிற வண்டின்னா அசலே இருக்கட்டும். ரோட்டுல ஓடற வண்டின்னா எதிர்ல வர்றவனுக்கும் அதுல பங்கு உண்டு. அதுவும் தவிர, ஒத்தைக் குழாய் ஒண்ணும் முன்னோர் விட்டுட்டுப் போன ஞானம் இல்லை, அவங்க தீர்க்காம விட்ட பாக்கி. மாத்தினாலும் அந்தக் குட்டி வால்வு விஷயத்தை மறந்துடாதீங்க. முன்னாடி டிஸ்க் போட்டா அதுக்கு அழுத்தம் கம்மியான வேற வால்வு, பின்னாடி டிரம்முக்கு வேற.

என்ன மாத்தினாலும், மாத்தலேன்னாலும், பெடல் மெத்துன்னு போனா அன்னிக்கே பாத்துடுங்க. நீங்க எந்தக் கட்சி? சொல்லிட்டுப் போங்க.

கொசுறு: காஸ்ட்ரால்னு ஒரு ஆயில் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் பேர்ல இருக்கிற "காஸ்டர்"தான் நம்ம ஆமணக்கு. 1909ல் அந்தப் பேரை வெச்சப்ப இன்ஜின் ஆயில்லயும் அதைக் கலந்திருந்தாங்க. ஓட வெச்சதும் விளக்கெண்ணெய், நிறுத்தினதும் விளக்கெண்ணெய். இனிமே யாராவது உங்களை விளக்கெண்ணெய்னு திட்டினா நன்றி சொல்லிட்டுப் போயிடுங்க :-)